முதலில் நிலத்தை வரையுங்கள்

கட்டடக்கலையும் நிலவடிவமைப்பும் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



ரோம் நகரின் வடக்கே, டைபர் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், ஃபிளமினியோ என்றொரு வட்டாரம் இருக்கிறது. அங்கே 2010-இல் திறக்கப்பட்ட மாக்ஸி அருங்காட்சியகத்தை உங்களில் பலர் பாடத்தில் பார்த்திருப்பீர்கள். இருபத்தோராம் நூற்றாண்டின் கலைகளுக்கென்றே இத்தாலிய அரசு எழுப்பிய தேசிய அருங்காட்சியகம் அது. வடிவமைத்தவர் சாஹா ஹதீத். திறந்த ஆண்டிலேயே பிரிட்டனின் ஸ்டர்லிங் பரிசையும் பெற்றது. அந்த வளாகத்தின் ஓரத்தில், வியா மசாச்சோ என்ற தெருவை ஒட்டி, புதிய கட்டடம் ஒன்றும் நகர்ப்பூங்கா ஒன்றும் அமைப்பதற்கு 2022-இல் பன்னாட்டுப் போட்டி நடந்தது. ‘கிராந்தே மாக்ஸி’, அதாவது பெரிய மாக்ஸி, என்று திட்டத்துக்குப் பெயர். கலைப்பொருள்களின் சேமகம், சீரமைப்புக்கூடம், பயிற்சிக்கும் ஆய்வுக்குமான அறைகள், செடி வளரும் கூரை, பக்கத்தில் ஒரு பூங்கா என்று கேட்டிருந்தார்கள். பாரிஸைச் சேர்ந்த லான் நிறுவனத்தின் தலைமையிலான குழு வென்றது. இதே போன்ற கேள்வி உங்கள் ஸ்டூடியோ வகுப்பிலும் ஒருநாள் வரும்; பின்னால் தொழிலிலும் வரும். வரும்போது நீங்கள் பூங்காவை முதலில் வரைய வேண்டும், கட்டடம் எங்கே நிற்கலாம், எவ்வளவு பரவலாம் என்பதை அந்தப் பூங்காவின் வரைபடம் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இந்த மடல்.

வழக்கமாக நடப்பது வேறு. போட்டி அறிவிப்பு கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் புரட்டுவது பரப்பளவுப் பட்டியலைத்தான். சேமகத்துக்கு இத்தனை சதுர மீட்டர், ஆய்வுக்கூடத்துக்கு இத்தனை, கழிப்பறைக்கு இத்தனை என்று அங்கே எல்லாம் கணக்காக இருக்கும். பூங்காவுக்கு மட்டும் நாலைந்து அடைமொழிகள் இருக்கும்: பசுமையான, எல்லோரையும் வரவேற்கிற, சூழலுக்கு உகந்த. கணக்கு கேட்கிற பகுதிக்கு மாதக்கணக்கில் உழைக்கிறோம். அடைமொழி கேட்கிற பகுதிக்குக் கடைசி இரண்டு நாளில் மரப் படங்களை ஒட்டுகிறோம். இதைச் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். எதை அளக்கிறார்களோ அதற்குத்தான் மதிப்பெண் என்பது மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும், நடுவர்களுக்கும் தெரியும். ஆனால் பூங்காவுக்கும் அளவுகள் உண்டு. மண்ணின் ஆழம், நண்பகலில் விழும் நிழலின் பரப்பு, மழைநீர் தரைக்குள் இறங்கும் வேகம், வாயில்களின் எண்ணிக்கை, அவை திறந்திருக்கும் நேரம், ஆண்டுதோறும் ஆகிற பராமரிப்புச் செலவு. கட்டடத்தின் முதல் கோடு விழுவதற்கு முன்பே இவற்றுக்கு எண்கள் கிடைத்துவிட வேண்டும். கட்டடம் எழுந்த பிறகு இவற்றில் எதையும் கூட்ட முடியாது. குறைக்க மட்டுமே முடியும்.

ஃபிளமினியோவிலேயே இதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 1960 ஒலிம்பிக்குக்காக அடால்பெர்த்தோ லிபெரா, லூயிஜி மொரெட்டி முதலியோர் அங்கே கட்டிய வீரர் குடியிருப்பு தூண்களின்மேல் தூக்கி நிறுத்தப்பட்டது. வீடுகளுக்கு அடியில் நிலம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தடையில்லாமல் போகிறது. அதன் அருகே பியர் லூயிஜி நெர்வி 1957-இல் முடித்த சிறிய விளையாட்டரங்கின் குவிமாடம், ஆங்கில ஒய் எழுத்து வடிவில் சாய்ந்து நிற்கும் 36 கால்களில் இறங்கித் தரையைத் தொடுகிறது. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, சற்றுத் தள்ளி ரென்ஸோ பியானோ கட்டிய இசையரங்க வளாகம். 1990-களின் நடுவில் அதற்கு அடித்தளம் தோண்டும்போது கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் நீடித்த ஒரு பெரிய வேளாண் மாளிகையின் அடிச்சுவர்கள் வெளிப்பட்டன. பணி நின்றது. பியானோ வரைபடத்தைத் திரும்ப எடுத்து, மூன்று அரங்குகளின் நிலையையும் கோணத்தையும் மாற்றி, அந்த மாளிகையின் எச்சத்தை அரங்குகளுக்கு நடுவே வெளிச்சத்தில் வைத்தார். கண்டெடுத்த பொருள்களுக்கு அங்கேயே ஒரு சிறு காட்சிக்கூடமும் அமைந்தது. 2002-இல் வளாகம் திறந்தது. தாமதத்தையும் செலவையும் தந்த அந்தத் தடையே இன்று அந்த இடத்துக்கு ஓர் அடையாளமாகிவிட்டது. அரங்குகளை நிலத்துக்கேற்பத் திருப்ப முடிந்ததற்குக் காரணம், அவற்றைச் சுற்றிப் பூங்காவும் திறந்தவெளியும் இருந்ததுதான். கட்டடம் மனையின் நான்கு எல்லைகளையும் தொட்டு நின்றிருந்தால் திருப்புவதற்கு இடமே இருந்திருக்காது. ரோமில் மண்வெட்டி இறங்கும் எந்த இடத்திலும் இது நேரலாம் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நம்முடைய பழைய ஊர்களுக்கும் இது பொருந்தும்.

மாக்ஸிக்கு வருவோம். முன்பு படைமுகாமாக இருந்த நிலம் அது. 1998-இல் அறிவித்த போட்டிக்கு 273 திட்டங்கள் வந்தன. அடுத்த ஆண்டு ஹதீத் வென்றார். அந்த வட்டாரத்தில் வெவ்வேறு கோணங்களில் வந்து சந்திக்கும் தெருவமைப்புகளைப் பிடித்து, அந்தக் கோடுகளையே கூடங்களாக வளைத்து ஓடவிட்டார். பணமும் காலமும் நெருக்கியதில் வென்ற திட்டத்தின் ஒரு பகுதி கட்டப்படாமலே நின்றது. உள்ளே இருக்கும் கூடங்களைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. சரிந்த தளமும் வளைந்த சுவரும் ஓவியத்தை மாட்டுவதற்கு எளிதானவை இல்லை என்ற குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் வெளியே இருக்கிற முற்றத்தைப் பற்றி அப்படிப்பட்ட வாதம் இல்லை. வியா கீதோ ரேனியிலிருந்து உள்ளே வருகிறவர் சீட்டு வாங்காமலேயே அந்த முற்றத்தில் நடக்கலாம், உட்காரலாம். பிள்ளைகள் அங்கே பந்து விளையாடுகிறார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சுவர் வைத்து ஊரை வெளியே நிறுத்தியிருந்த ஒரு ராணுவ மனை ஊருக்குத் திறந்தது என்பதே அந்தக் கட்டடத்தின் மிகப் பெரிய வெற்றி என்பது என் மதிப்பீடு. உலோகத் தகடுகளாலும் வளைவுகளாலும் வந்த புகழ் பத்திரிகைகளில் நிற்கும். வட்டாரத்துக்காரர்களுக்கு மிஞ்சியது முற்றம்.

அந்த முற்றத்தின் குறையும் வெளிப்படை. அது பெரும்பாலும் கான்கிரீட் தரை. ரோமின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் ஜூலை, ஆகஸ்டில் விழுவது மிகக் கொஞ்சம். 2023 ஜூலை 18 அன்று அந்த நகரில் வெயில் 41.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அப்படிப்பட்ட நாளில் நிழலில்லாத கான்கிரீட் தரை பகல் முழுதும் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தருகிறது. கோடையில் அந்த முற்றத்தில் தற்காலிகமாக நிழற்பந்தலும் நீரும் அமைப்பதற்கென்றே இளம் கட்டடக்கலைஞர்களுக்குச் சில ஆண்டுகள் போட்டி நடத்தினார்கள். அழகான பந்தல்கள் வந்தன. ஆண்டுதோறும் பந்தல் கேட்கிற ஓர் இடம் மரத்தைக் கேட்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அதனால் புதிய திட்டத்தில் பூங்காவைச் சேர்த்தது சரியான முடிவு. அந்தப் பூங்கா எதன்மேல் நிற்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த இடத்தில் கூரைத் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்று போட்டிக்கு வருகிற படங்கள் பலவற்றில் அதுதான் கண்ணைப் பறிக்கிறது. கூரைமேல் புல்லும் செடியும் வளர்ப்பதில் பயன் உண்டு: கீழ்த்தளம் குளிர்கிறது, மழைநீர் மெதுவாக வடிகிறது. ஆனால் நிழல் தரும் அளவுக்கு ஒரு மரம் வளர வேர் இறங்க ஒரு மீட்டருக்குக் குறையாத மண் வேண்டும், பக்கவாட்டில் பரவ அதைவிட நிறைய இடம் வேண்டும். நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதைத் தாங்க உத்தரங்கள் பருக்கும், தூண்கள் நெருங்கும், கான்கிரீட் கூடும். ராட்டர்டாமில் எம்விஆர்டிவி நிறுவனம் வடிவமைத்து 2021-இல் திறந்த போய்மான்ஸ் சேமகத்தின் உச்சியில் 75 பிர்ச் மரங்கள் நிற்கின்றன. ஒன்றரை லட்சம் கலைப்பொருள்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்திருக்கிற கண்ணாடிக் கிண்ணம் அது. அடியில் 40 மீட்டர் குறுக்களவு, மேலே 60 மீட்டர்; கீழே பூங்காவின் நிலத்தைக் குறைவாக எடுத்துக்கொள்வதற்காக அப்படிக் குறுகவிட்டார்கள். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் அது நிற்பது ஏற்கெனவே பூங்காவாக இருந்த நிலத்தில். எதிர்ப்புக் குரல்கள் எழுந்தபோது கூரை மரங்களைக் காட்டிப் பதில் சொன்னார்கள். லிஃப்ட் ஏறி, கட்டடம் திறந்திருக்கும் நேரத்தில் மட்டுமே அருகே போகக்கூடிய மரம், தெருவோரம் நிற்கிற மரத்துக்கு ஈடாகாது. தள்ளுவண்டிக்காரருக்கும் பள்ளி விட்டு வருகிற பிள்ளைக்கும் அதனால் நிழல் கிடைக்காது. ஆகவே உங்கள் பரப்பளவுக் கணக்கில் கூரைப் பசுமையைப் பூங்காவோடு சேர்த்துக் கூட்டாதீர்கள். இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

சேமகம் கட்டாயம் தேவை என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் தங்களிடம் இருப்பதில் சிறு பகுதியைத்தான் எந்த நேரத்திலும் காட்சிக்கு வைக்கின்றன; மிச்சம் எங்கேயாவது பத்திரமாக இருந்தாக வேண்டும். பூமிக்கடியில் போட்டுவிட்டு மேலே பூங்கா வைக்கலாமே என்பது அடுத்து வரும் யோசனை. ஆற்றங்கரையில் அது எதில் போய் முடியும் என்பதை 1966 நவம்பர் 4 அன்று ஃபிளாரன்ஸ் கண்டது. ஆர்னோ ஆறு பெருகி வந்து சிமபூவேயின் சிலுவை ஓவியத்தையும் நூலகத்தின் கீழ்த்தள நூல்களையும் சேற்றில் மூழ்கடித்தது. ராட்டர்டாமில் பழைய நிலவறைச் சேமகத்துக்குள் மழைநீர் புகுந்ததும் புதிய சேமகம் கட்ட ஒரு காரணம். மாக்ஸி நிற்பதும் டைபரின் வெள்ளச் சமவெளியில்தான். தவிர, நிலவறையின் கூரைமேல் வைக்கிற பூங்காவும் ஒரு கூரைத் தோட்டமே. மண்ணாழக் கணக்கு அங்கேயும் அப்படியே பொருந்தும். பாரிஸின் லூவ்ர் வேறு வழியில் போனது. செய்ன் ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சி, வடக்கே லியேவான் என்ற பழைய சுரங்க ஊரில் தனிச் சேமகம் கட்டி 2019-இல் திறந்தது. அருங்காட்சியகத்தின் வாசலிலிருந்து அது வெகு தூரம். ஆய்வாளர்களுக்கு அலைச்சல்தான். ஆனால் எல்லாமே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒரு பெரிய நிறுவனம் கைவிட முடியும் என்பதற்கு அது சான்று. என் யோசனை இது: பொதுமக்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடிய சீரமைப்புக்கூடமும் பயிற்சி அறையும் பூங்காவின் ஓரத்தில் தரைமட்டத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறைகூடத் திறக்காத பெட்டிகள் விலைமதிப்பற்ற நகர மண்ணின்மேல் உட்கார வேண்டியதில்லை. பரப்பளவுப் பட்டியலில் எது இங்கே இருந்தாக வேண்டும், எது வேறிடம் போகலாம் என்று பிரித்துக் காட்டுவதும் வடிவமைப்பாளரின் வேலைதான். பட்டியலை வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. ஓர் ஊரின் தலையெழுத்தை ஒரு கட்டடம் மாற்றும், அதற்குப் பில்பாவோ சாட்சி, பூங்காவால் அது ஆகுமா என்பார்கள். ஃபிராங்க் கேரியின் குகன்ஹைம் அருங்காட்சியகம் 1997-இல் திறந்தபின் அந்த ஊருக்குப் பயணிகள் வந்தார்கள் என்பது மெய். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த மெட்ரோ நிலையங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. 1992-இலேயே ஆற்றங்கரையை மீட்பதற்கெனப் பல அரசு அமைப்புகள் சேர்ந்து ஒரு நிறுவனம் அமைத்துவிட்டன. கழிவு கலந்த ஆற்றைச் சுத்தம் செய்யும் பணி அதற்கும் முந்தியது. டைட்டானியம் தகடுகள் பளபளக்கும் படத்தில் அந்த ஆறும் கரையும்கூட இருக்கின்றன, நாம்தான் பார்ப்பதில்லை. மறுபக்கம் பெர்லினைப் பாருங்கள். மீஸ் வான் டெர் ரோ 1968-இல் முடித்த தேசியக் கலைக்கூடத்துக்கும் ஹான்ஸ் ஷாரூனின் இசையரங்குக்கும் நடுவே இருபதாம் நூற்றாண்டுக் கலைக்கான புதிய அருங்காட்சியகம் எழுகிறது. 2014-இல் நாடாளுமன்றம் ஒதுக்கியது 20 கோடி யூரோ. 2019-இல் மதிப்பீடு 36 கோடியைத் தாண்டியது. பின்னர் 45 கோடியையும் தாண்டியது. ஆற்றல் செலவு அதிகம் என்ற விமர்சனத்துக்குப் பிறகு வடிவமைப்பைத் திருத்த வேண்டியும் வந்தது. வடிவமைத்த ஹெர்ஸோக், டெ மெரோன் இருவரும் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். எல்லாத் தேவையையும் ஒரே கூரைக்குள் அடைக்கச் சொல்லும் திட்டம் எந்தத் திறமைசாலியையும் இப்படித்தான் கொண்டுபோய் நிறுத்தும். அப்படிச் செலவு ஏறுகிறபோது எந்தத் திட்டத்திலும் முதலில் வெட்டப்படுவது வெளிநிலத்துக்கான பணம், ஏனென்றால் பணி வரிசையில் அது கடைசியில் இருக்கிறது.

நிலத்தை முதலில் வைத்துக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். போர்த்துக்கல்லின் போர்ட்டோவில் சேரால்வெஸ் பூங்கா 1930-களில் ஜாக் கிரேபர் வரைந்தது, 18 ஹெக்டேர். அதன் ஓரத்தில் அல்வாரோ சீஸா 1999-இல் சமகாலக் கலை அருங்காட்சியகம் கட்டினார். கால் நூற்றாண்டுக்குப் பிறகு அதற்கே புதிய கட்டடம் தேவைப்பட்டபோது, பழையதிலிருந்து நிலத்தைத் தொடாத ஒரு பாலத்தை நீட்டி, புதிய கட்டடத்தை மரங்களுக்கு நடுவே பொருத்தினார். ஒரே கட்டடக்கலைஞர் இரண்டு முறையும் தோட்டத்தின் வரிசையைக் கலைக்காமல் வேலை செய்திருக்கிறார் என்பதை அதன் தளவரைபடத்தில் நீங்களே பார்க்கலாம். லிஸ்பனில் குல்பென்கியன் அறக்கட்டளையின் தோட்டம் கொன்சாலோ ரிபெய்ரோ டெல்லெஸும் அந்தோனியோ வியானா பரேட்டோவும் 1960-களில் அமைத்தது. தலைமையகமும் அருங்காட்சியகமும் 1969-இல் திறந்தபோதே மரமும் குளமும் கட்டடமும் ஒன்றாகத் திறந்தன. அங்கே நவீனக் கலை மையத்தைப் புதுப்பிக்கும் பணி 2019-இல் போட்டிக்கு வந்தபோது கெங்கோ குமா 1983-இன் பழைய கட்டடத்தை இடிக்கவில்லை. அதன் பக்கவாட்டில் ஏறத்தாழ நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு தாழ்வாரம் இறக்கி, புதிதாகச் சேர்ந்த தென்பகுதித் தோட்டத்தோடு இணைத்தார். தோட்டத்தை வரைந்தவர் விளாடிமிர் ஜுரோவிச். 2024-இல் திறந்தது. வெயிலும் மழையும் படாமல் உட்காருவதற்குத் தாழ்வாரம் வேண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திண்ணையும் தாழ்வாரமும் கண்டு வளர்ந்த ஊர் நம்முடையது. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் வழிகாட்ட ஓவியர்கள் 1966-இல் சோழமண்டலத்தை அமைத்தபோதும் மண்ணும் குடியிருப்பும்தான் முதலில் வந்தன. அருங்காட்சியகக் கட்டடம் 2009-இல் வந்தது. அதற்குள் மரங்கள் நாற்பது ஆண்டு வளர்ந்திருந்தன.

பூங்கா என்பது மாநகராட்சியின் வேலை, அருங்காட்சியகம் கலையைப் பார்த்துக்கொண்டால் போதாதா என்ற குரலும் உண்டு. இதற்கு மாக்ஸியே பதில் வைத்திருக்கிறது. இத்தாலியில் 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக் கட்டடச் செலவில் இரண்டு விழுக்காடு கலைக்கு ஒதுக்க வேண்டும். மாக்ஸி கட்டியபோது அந்தப் பணத்துக்கு நடந்த போட்டியில் வென்றவர்களுள் ஒருவர் மாசிமோ கிரிமால்டி. அவர் சிலையும் செய்யவில்லை, சுவரோவியமும் வரையவில்லை. கிடைத்த தொகையின் பெரும்பகுதியை எமர்ஜென்சி என்ற மருத்துவத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்து, சூடானின் போர்ட் சூடான் நகரில் குழந்தைகள் மருத்துவமனை எழும்ப உதவினார். அது கட்டப்பட்ட படங்களை மாக்ஸியில் காட்டியதே அவர் படைப்பு. கட்டடத்துக்கு வெளியே நடக்கும் வாழ்க்கையும் தன் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்ட ஓர் அருங்காட்சியகம், தன் வேலிக்குள் இருக்கும் மண்ணை வேறு துறையின் பொறுப்பு என்று சொல்ல முடியாது. ஜப்பானின் கனஸாவாவில் சேஜிமாவும் நிஷிஸாவாவும் 2004-இல் முடித்த வட்ட வடிவ அருங்காட்சியகத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. எந்தத் திசையிலிருந்தும் புல்வெளியைக் கடந்து உள்ளே வரலாம். வெளிவட்டத்தில் சீட்டு தேவையில்லை, காட்சிக்கூடங்கள் மூடிய பிறகும் இரவு பத்து மணிவரை நடமாடலாம். அந்த நேரக் கணக்கு வடிவமைப்போடு சேர்ந்து பிறந்தது. அதற்கேற்பத்தான் கதவுகளும் பூட்டுகளும் வைத்தார்கள். இரவில் எந்தக் கதவு பூட்டப்படும், பூட்டிய பிறகு யார் எந்த வழியாகத் தெருவைக் கடப்பார் என்று உங்கள் தளவரைபடத்திலும் குறித்துக் காட்டுங்கள்.

பூங்கா வந்தால் வாடகை ஏறும், ஏழை வெளியேறுவார் என்ற எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாது. நியூயார்க்கின் ஹை லைன் பூங்காவைத் தொடங்கிய இருவரில் ஒருவரே, அக்கம்பக்கத்து எளிய மக்களுக்கு அது செய்யத் தவறியதைப் பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஃபிளமினியோ ஏற்கெனவே வசதியானவர்களின் வட்டாரம். மாக்ஸிக்கு எதிரே, வியா கீதோ ரேனியின் மறுபக்கம், ஏறத்தாழ ஐந்து ஹெக்டேர் பழைய ராணுவத் தொழிற்கூட நிலம் இருக்கிறது. 2015-இல் அதற்கு நடந்த போட்டியில் பாவ்லா விகனோவின் குழு வென்றது; வீடுகளும் அறிவியல் மையமும் வர வேண்டும் என்பது திட்டம். அப்படியானால் அருங்காட்சியகப் பூங்கா எதிரில் வரும் வீடுகளின் விலைப்பட்டியலில் ஒரு வரியாகிவிடும் ஆபத்து மெய்யானது. இதற்கு வடிவமைப்பால் முழு மருந்து கிடையாது. வாடகையைப் பற்றிய முடிவு ஆட்சியாளர் கையில் இருக்கிறது. வடிவமைப்பாளர் செய்யக்கூடியது, அந்தப் பூங்கா சில வீடுகளின் முன்தோட்டமாகச் சுருங்காதபடி வாயில்களைப் பேருந்து, டிராம் நிறுத்தங்களை நோக்கி வைப்பது, குடிநீரும் கழிப்பறையும் காசில்லாமல் வைப்பது, படுக்கக்கூட முடியாதபடி தடுப்புக் கம்பி போட்ட இருக்கைகளை மறுப்பது. சிறிய காரியங்கள்தான். ஆனால் யார் வரலாம் என்பதை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருப்பவை இவைதான்.

காலத்தைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கட்டடம் மூன்று ஆண்டில் எழும். நிழல் தரும் மரத்துக்குப் பதினைந்து, இருபது ஆண்டு வேண்டும். ஆகவே பணி வரிசையைத் தலைகீழாக்கச் சொல்லுங்கள்: வேலியிட்டு ஒதுக்கிய மண்ணில் முதல் பருவத்திலேயே கன்றுகள் இறங்கட்டும், கட்டட வேலை பிறகு தொடங்கட்டும். கிரேனும் கான்கிரீட் லாரியும் ஓடி இறுகிய மண்ணில் வேரும் இறங்காது, நீரும் இறங்காது. மேலே ஒரு சாண் செம்மண் பரப்பினால் அது சரியாகிவிடாது. எந்த மரம் என்பதிலும் அவசரம் கூடாது. ரோம் என்றால் குடை விரித்த பைன் என்பது எல்லோர் மனத்திலும் இருக்கும் படம். வட அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செதில் பூச்சி 2018 முதல் அந்த நகரில் பரவி, அந்தப் பைன்களை ஆயிரக்கணக்கில் வாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே இனத்தை வரிசையாக நடுவது படத்தில் கம்பீரமாக இருக்கும். ஒரு பூச்சி வந்தால் வரிசை முழுதும் போகும். பணத்தைப் பொறுத்தவரை, 2012-இல் மாக்ஸியை நிதி நெருக்கடி காரணமாக அரசு ஆணையரின் பொறுப்பில் விட நேர்ந்தது, திறந்து இரண்டே ஆண்டில். அப்படிப்பட்ட ஆண்டு வரும்போது தோட்டக்காரரின் சம்பளம்தான் முதலில் நிற்கும். சியாட்டிலில் எண்ணெய்க் கிடங்கு இருந்த மாசுபட்ட ஒன்பது ஏக்கரைச் சுத்தம் செய்து, வைஸ், மன்ஃப்ரேடி இருவரின் வடிவமைப்பில், சாலைக்கும் ரயில் பாதைக்கும் மேலாகக் கடற்கரை வரை இறங்கும் சிற்பப் பூங்காவை 2007-இல் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. அதை நடத்துவதற்கென்றே தனி அறக்கொடை நிதி வைத்தார்கள். வடிவத்தைவிட அந்த ஏற்பாட்டைத்தான் நீங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனவே உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு கேள்வி வரும்போது, முதல் தாளில் கட்டடமே இல்லாத ஒரு வெட்டுத்தோற்றத்தை வரையுங்கள். தெருவிலிருந்து தெருவரை, தரைக்குக் கீழே மூன்று மீட்டர், மேலே முப்பது ஆண்டு வளர்ந்த மரத்தின் உயரம். நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது, பழைய அடித்தளங்கள் எங்கே புதைந்திருக்கலாம், ஜூன் மாத நண்பகலில் நிழல் எங்கே விழும் என்று அதில் குறியுங்கள். கட்டடத்துக்கு எஞ்சும் இடத்தை இரண்டாம் தாளில் காட்டுங்கள். அந்த இடம் கேட்ட பரப்பளவுக்குப் போதவில்லை என்றால், போதவில்லை என்று நடுவர் குழுவுக்கு எழுத்தில் தெரிவித்து, எதை வேறிடம் மாற்றலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டுமானச் செலவு மதிப்பீட்டின் கடைசி வரியாக, முதல் இருபது ஆண்டுகளுக்கான தோட்டக்காரர்களின் சம்பளத்தையும் தண்ணீர்ச் செலவையும் எழுதுங்கள். உங்கள் ஆசிரியர்கள் அந்த வரியை அடித்தால், எந்தக் காரணத்துக்காக அடிக்கிறார்கள் என்று மரியாதையோடு கேளுங்கள்.